ஓடுகிறதா, நிற்கிறதா? இயந்திரங்களின் பென்சில் ஓவியத்தைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

கோயம்புத்தூரில் ஒரு சிறிய ஓவியக் கண்காட்சி. சுவரில், இரும்பைச் சுழற்றிக் கடையும் பழைய லேத்து ஒன்றின் பென்சில் ஓவியம் மாட்டியிருந்தது. கூரையை ஒட்டிச் சுழலும் நீண்ட இரும்புத் தண்டான ஷாஃப்ட், அதிலிருந்து சாய்வாக இறங்கி வரும் தோல் பெல்ட், கீழே பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லி, லேத்து, தரையில் இரும்புச் சுருள்கள். "நன்றாக வரைந்திருக்கிறார்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்கு நகரப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் நகரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது ஓடிட்டு இருக்கிற மெசினுங்க" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். விரலைத் தாளில் படாமல் நீட்டி பெல்ட்டைக் காட்டினார். ஒரு பக்கம் கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. மறுபக்கம் லேசாக வளைந்து தொய்ந்திருந்தது. "நின்னு போயிருந்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்குமுங்க. இழுக்கிற பக்கம்தான் விறைக்கும்." நாற்பது வருடம் லேத்தில் டர்னராக வேலை பார்த்தவராம். ஓவியம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். ஆனால் அந்த அறையில் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து இயந்திர ஓவியங்களை நான் பார்க்கும் முறையே மாறிவிட்டது. இயந்திரம் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்கிறேன். பென்சில் என்ன செய்கிறது என்பதை அப்புறம் பார்க்கிறேன். பெரும்பாலும் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "அடேயப்பா, எவ்வளவு நுணுக்கம்" என்று பென்சிலை வியந்துவிட்டு, இயந்திரத்தைப் பார்க்காமலே போய்விடுகிறோம். மனித முகத்தின் ஓவியத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கோபமா, களைப்பா, யாருடைய முகம் என்றுதான் முதலில் கேட்போம். இயந்திரத்துக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

வெறுமனே சொன்னால் பிடிபடாது. அதனால் ஒரு நல்ல உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம்.

நம் உதாரணம்: 1872, ஒரு இரும்பாலை

அடோல்ஃப் மென்செல் ஜெர்மன் ஓவியர். 1815இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அது இன்று போலந்தில் இருக்கிறது. 1905இல் பெர்லினில் இறந்தார். உயரம் சுமார் 140 சென்டிமீட்டர்தான். இரண்டு கைகளாலும் வேலை செய்யக்கூடியவர். கோட்டுப் பைகளில் எப்போதும் குறிப்பேடுகளும் பென்சில்களும் இருக்கும். கண்ணில் பட்டதை எல்லாம் வரைவார்: கலைத்துப் போட்ட படுக்கை, தன் கால், குதிரையின் தலை, சட்டை மடிப்பு.

1872இல் மேல் சைலீசியா என்ற பகுதியில் இருந்த கோனிக்ஸ்ஹூட்டெ இரும்பாலைக்குப் போனார். அந்த ஊரும் இன்று போலந்தில்தான் இருக்கிறது. ரயில் தண்டவாளங்களை உருட்டித் தயாரிக்கும் ரோலிங் மில் அது. வாரக்கணக்கில், காலையிலிருந்து மாலை வரை, சுழலும் ராட்சதச் சக்கரங்களுக்கும் பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கும் நடுவே நின்று வரைந்தார். இரும்போடு சேர்த்துத் தன்னையும் உருட்டிவிடுவார்களோ என்கிற நிலையில்தான் நின்றேன் என்று பிற்பாடு சொன்னாராம். நூற்றுக்கும் மேற்பட்ட பென்சில் ஆய்வுப் படங்கள் சேர்ந்தன. அவற்றை வைத்து 1875இல் 'இரும்பு ரோலிங் மில்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை முடித்தார். 158 சென்டிமீட்டர் உயரம், 254 சென்டிமீட்டர் அகலம். அது இன்று பெர்லினில் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

பெரிய ஓவியத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்குப் பென்சில் தாள்கள்தான் மேல். பெரிய ஓவியத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. பென்சில் தாளில் மென்செல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். உருளை எப்படிச் சுற்றுகிறது, கொறடு பிடித்த கை எப்படி முறுக்குகிறது என்று அங்கேயே நின்று கண்டுபிடிக்கிறார். புதிதாகப் பார்க்க வருபவர் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது மாதிரி இருக்கும்.

முதல் படி: எதற்காக வரைந்தார்கள்?

இயந்திரத்தின் பென்சில் படம் என்றால் எல்லாம் ஒரே வகை இல்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் மற்ற எல்லாமே தப்பாகப் போகும்.

பொறியாளர் போடும் படம் ஒரு வகை. இன்னும் இல்லாத இயந்திரத்தை இருப்பதாக நினைத்துப் போடுவது அது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை பிரிட்டிஷ் பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித்துடையது. 'கிரேட் பிரிட்டன்' என்ற நீராவிக் கப்பலுக்கு மிகப் பெரிய துடுப்புச் சக்கர ஷாஃப்ட் ஒன்றை அடித்துச் செய்ய வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய இரும்பை அடிக்கிற சம்மட்டி எந்தப் பட்டறையிலும் இல்லை. 1839 நவம்பர் 24 அன்று நாஸ்மித் தன் குறிப்பேட்டில் நீராவிச் சம்மட்டி ஒன்றைக் கோட்டுப்படமாகப் போட்டார். நீராவி கனத்த இரும்புக் கட்டையை மேலே தூக்கும், விட்டால் கீழே விழுந்து அடிக்கும். அவ்வளவுதான் யோசனை. பிறகு அந்தக் கப்பலுக்குத் துடுப்புச் சக்கரம் வேண்டாம், பின்பக்கம் சுழலும் விசிறி போதும் என்று முடிவானதால் சம்மட்டிக்கு வேலை இல்லாமல் போனது. படம் மட்டும் குறிப்பேட்டில் கிடந்தது. நாஸ்மித் ஊரில் இல்லாதபோது வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அவருடைய கூட்டாளி அந்தக் குறிப்பேட்டைக் காட்டினார். 1842இல் நாஸ்மித் பிரான்சின் லே க்ரூசோ ஆலைக்குப் போனபோது, தன் குறிப்பேட்டில் இருந்த சம்மட்டி அங்கே உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் காப்புரிமை வாங்கினார்.

பார்த்துவிட்டுப் போனவர்கள் அந்த யோசனையை இரும்பில் செய்துகாட்டும் அளவுக்கு ஒரு கோட்டுப்படம் தெளிவாக இருந்தது. பொறியாளர் படத்தில் ரசிக்க வேண்டியது அந்தத் தெளிவைத்தான். அதில் நிழல் இல்லை, அழுக்கு இல்லை என்று குறை சொல்லக் கூடாது.

இன்னொரு வகை, இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்து வரைவது. மென்செல் தாள்கள் இந்த வகை. இங்கே ஒவ்வொரு நட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது பெரிய விஷயம் இல்லை. எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு அவசரத்தில் பார்த்தார் என்பதெல்லாம் தாளில் பதிந்திருக்கும். மூன்றாவதாக, புகைப்படத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தீட்டுவதும் உண்டு. இப்போது இணையத்தில் அதிகம் கிடைப்பது அதுதான். அதிலும் நல்ல படங்கள் இருக்கின்றன. ஆனால் கேமரா பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் பிரதி எடுத்திருந்தால் என் கண் சீக்கிரம் களைத்துப் போகிறது.

இரண்டாம் படி: விசையைப் பின்தொடருங்கள்

இதுதான் முக்கியமான படி. இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் முன்னால் நின்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். விசை எங்கிருந்து வருகிறது? எதன் வழியாகப் போகிறது? கடைசியில் எதன்மேல் விழுகிறது? இயந்திரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே போகலாம்.

ரோலிங் மில் பார்க்காதவர்கள்கூட கரும்புச்சாறு பிழியும் மெஷின் பார்த்திருப்பார்கள். இரண்டும் அடிப்படையில் ஒன்றுதான். இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. நுனியைக் காட்டினால் போதும், பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கரும்பை ஒரு தடவை விட்டு எடுத்து, மடித்து, நடுவில் இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து மறுபடி விடுகிறார்களே, இரும்பையும் அப்படித்தான் திரும்பத் திரும்ப விடுகிறார்கள். தண்டவாள உருளைகளில் வரிசையாகக் காடிகள், அதாவது பள்ளங்கள், வெட்டியிருக்கும். ஒவ்வொரு காடியும் முந்தியதைவிடக் கொஞ்சம் குறுகலாக, கொஞ்சம் தண்டவாள வடிவத்துக்கு அருகில் இருக்கும். கட்டையாக உள்ளே போன இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து நீண்டுகொண்டே வரும். ஆறிவிட்டால் உருளைக்கு மசியாது. அதனால்தான் அந்த இடத்தில் எல்லோருக்கும் அவ்வளவு அவசரம்.

இப்போது பின்னோக்கிப் போங்கள். உருளைகளைச் சுற்றுவது எது? ஒரு ஷாஃப்ட். ஷாஃப்டைச் சுற்றுவது நீராவி எஞ்சின். நடுவில் ஃபிளைவீல் என்ற பெரிய கனத்த சக்கரம் இருக்கும். இரும்பு உருளைக்குள் நுழையும் கணத்தில் எஞ்சினுக்குத் திடீரென்று பளு ஏறும். வெளியே வந்ததும் பளுவே இருக்காது. இந்தத் தூக்கிப்போடலைத் தன் கனத்தால் தாங்கிக்கொண்டு, சும்மா சுற்றும் நேரத்தில் வேகத்தைச் சேர்த்துவைத்து, இரும்பு வரும்போது கொடுப்பது அந்தச் சக்கரம்தான். மென்செல் ஓவியத்தின் பின்னணியில் பெரிய சக்கரத்தைப் பார்க்கும்போது, முன்னால் இருக்கும் உருளைக்குள் வெண்சூட்டில் இருக்கும் இரும்பு நுழைவதற்கும் அதற்கும் உள்ள உறவு தெரிந்திருந்தால், படத்தின் இரண்டு மூலைகளும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். உருளைகளுக்கு நடுவே இரும்பு போகும்போது அது உருளைகளைப் பிரித்துத் தள்ளப் பார்க்கும். அதைத் தாங்குவது இரண்டு பக்கமும் நிற்கும் கனத்த சட்டம். நல்ல ஓவியர் இதை உணர்ந்திருப்பார். சட்டத்தின் கோடுகள் அழுத்தமாக, தரையில் ஊன்றி நிற்பதாக இருக்கும். கைப்பிடிச் சக்கரம், எண்ணெய்க் குப்பி மாதிரியான சில்லறைச் சாமான்களின் கோடுகள் மெல்லியதாக இருக்கும். எல்லாக் கோடும் ஒரே கனத்தில் இருந்தால், வரைந்தவர் இயந்திரத்தின் மேல்தோலை மட்டும் பார்த்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பெரியவர் சொன்ன பெல்ட் விஷயமும் இந்தப் படியில்தான் வரும். பெல்ட் இருந்தால் எந்தப் பக்கம் விறைப்பு என்று பாருங்கள். ஓட்டுகிற புல்லி தன்னை நோக்கி இழுக்கும் பக்கம்தான் விறைப்பாக இருக்கும். அதை வைத்தே சக்கரம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடாக இருந்தால், ஓவியர் பெல்ட்டைப் பார்க்காமல் பெல்ட் என்ற எண்ணத்தை வரைந்துவிட்டார்.

மூன்றாம் படி: வட்டங்களைச் சோதியுங்கள்

இயந்திரம் என்றாலே வட்டம்தான். சக்கரம், புல்லி, கியர், குழாய், வால்வு, போல்ட்டின் தலை. நேராகப் பார்த்தால்தான் வட்டம் வட்டமாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். டம்ளரின் வாயைக் கண்ணுக்கு நேரே கொண்டுவாருங்கள்: ஒரு கோடு. கொஞ்சம் இறக்குங்கள்: மெலிந்த நீள்வட்டம். இன்னும் இறக்கினால் அகலமாகத் திறக்கும்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. நீள்வட்டத்துக்கு இரண்டு விட்டங்கள்: ஒன்று நீளம், ஒன்று குட்டை. சக்கரத்தின் அச்சு எந்தத் திசையில் போகிறதோ, குட்டை விட்டமும் அதே திசையில் இருக்க வேண்டும். அதாவது சக்கரத்தின் நீள விட்டம் அச்சுக்குக் குறுக்கே, செங்கோணத்தில் விழ வேண்டும். படத்தின் பிரதியோ கணினித் திரையோ முன்னால் இருந்தால் இரண்டு தீக்குச்சிகளை வைத்துப் பார்த்துவிடலாம். ஒன்றை அச்சின்மேல் வையுங்கள், இன்னொன்றைச் சக்கரத்தின் மிக அகன்ற இடத்தில். கூட்டல் குறி கிடைத்தால் சக்கரம் சரியாக மாட்டியிருக்கிறது. சாய்ந்த கூட்டலாக இருந்தால் அந்தச் சக்கரம் ஓடும்போது தள்ளாடும். ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும், எது என்று சொல்ல வராது என்கிற படங்களில் பாதிக்கு மேல் காரணம் இதுதான்.

போல்ட்டுகளையும் பாருங்கள். குழாய் இணைப்பின் வட்ட விளிம்பில் சம இடைவெளி விட்டு எட்டு போல்ட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாய்வாகப் பார்க்கும்போது இடைவெளி சமமாகத் தெரியாது. நீள்வட்டத்தின் இரண்டு முனைகளிலும் நெருங்கி, நடுப்பகுதியில் விலகித் தெரியும். இதைச் சரியாகப் போட்டிருந்தால் அந்த விளிம்பு தாளிலிருந்து எழுந்து வரும். கடிகாரத்தில் எண் போடுகிற மாதிரி சமமாகப் பரப்பியிருந்தால் தட்டையாகப் படுத்துவிடும். ஒருமுறை இதைக் கவனித்துவிட்டால் அப்புறம் கண் தானாகவே அங்கே போகும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தப்பு கண்டுபிடிப்பதற்காக இந்தச் சோதனை இல்லை. நின்றுகொண்டே அவசரமாக வரைந்த தாளில் வட்டங்கள் கோணலாகத்தான் இருக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. நிதானமாக முடித்த படத்தில்தான் இந்தக் கண்டிப்பு வேண்டும்.

நான்காம் படி: கரியும் வெள்ளையும்

பென்சிலின் கரு, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. இந்த முறைக்கு 1795இல் பிரான்சில் நிக்கோலா ஜாக் கோன்டே காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கரு கெட்டியாகி வெளிர்க்கோடு போடும், அது எச் வகை. கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுப்பாக எழுதும், அது பி வகை. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் வைத்திருந்த எச்.பி. நடுவில் இருப்பது.

இதைத் தெரிந்துகொண்டு படத்தில் மிகக் கறுப்பான இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது இயந்திரத்தின் அடிப்பகுதியில், இரண்டு பாகங்கள் சேரும் இடுக்கில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைச் சுற்றிக் கிரீஸ் வழிந்த இடத்தில் இருக்கும். பிறகு மிக வெள்ளையான இடம். பென்சில் ஓவியத்தில் வெள்ளை என்பது தாள்தான். ஓவியர் தொடாமல் விட்ட இடம், அல்லது ரப்பரால் எடுத்த இடம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பென்சிலால் வரைய முடியாது. சுற்றி இருப்பதை எல்லாம் இருட்டாக்கிவிட்டு அதை வெறுமனே விட வேண்டும். ஒளி கீழேயிருந்து, உலையிலிருந்து, இரும்பிலிருந்து வருவதால் நிழல்கள் வழக்கத்துக்கு எதிராக மேல்நோக்கி விழும். மனிதர்களின் தாடையும் கையின் அடிப்பாகமும் வெளிச்சமாக இருக்கும். இரும்பாலைப் படம் ஏதாவது கிடைத்தால் முகங்களில் இதைத் தேடிப் பாருங்கள்.

உலோகத்துக்கு உலோகம் பென்சில் மாறும். கடைந்து மெருகேறிய ஷாஃப்ட் என்றால் நல்ல கறுப்புப் பட்டையும் வெறும் தாளும் ஒட்டி ஒட்டி, நீளவாக்கில், நடுவே சாம்பல் இல்லாமல் போகும். வார்ப்பிரும்பு அப்படி இல்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மெதுவாக இறங்கும், பொரி பொரியாக இருக்கும். சொரசொரப்பான தாளில் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் மேடுகள் மட்டும் கறுத்து, பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். வார்ப்பிரும்பின் தோல் தானாகவே வந்துவிடும். இதெல்லாம் தெரிந்த ஓவியர் தாளைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடுகிறார். எண்ணெய் பட்ட இடம் கறுப்புக்குள் ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளியாக மின்னும்.

நீராவியும் புகையும் வேறு கதை. அவற்றுக்கு ஓரக் கோடு போட்டால் பஞ்சு மூட்டை ஆகிவிடும். மென்செல் காகிதத்தை இறுக்கச் சுருட்டிச் செய்த குச்சியால் கிராஃபைட்டைத் தேய்த்துப் பரப்புவார். பக்கத்தில் இருக்கும் இரும்பின் கோடு புகைக்குள் போகப்போக மெலிந்து காணாமல் போகும். வயதான காலத்தில் அவருக்குப் பிடித்தது தச்சர்கள் மரத்தில் குறிபோடும் தட்டைப் பென்சில். விளிம்பில் பிடித்தால் மெல்லிய கோடு, படுக்கப் போட்டால் அகலமான கரி. கையை எடுக்காமலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். ஒரே கோடு திடீரென்று தடித்து மறுபடி மெலிவதைக் கண்டால், அங்கே அவர் பென்சிலைத் திருப்பியிருக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள்.

நேரில் பார்க்கும்போது ஒரு யோசனை. கிராஃபைட் பளபளக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் விளக்கொளி பட்டுத் திரும்பினால், படத்தின் மிகக் கறுப்பான பகுதியே சாம்பலாக வெளிறித் தெரியும். அதனால் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். இடம் வலமாக இரண்டடி நகருங்கள், கொஞ்சம் குனியுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் கறுப்பு சட்டென்று ஆழமாகும். அப்போதுதான் ஓவியர் எங்கெங்கே முழு பலத்தோடு அழுத்தினார் என்பது தெரியும்.

ஐந்தாம் படி: விட்டதும் அழித்ததும்

சக்கரத்தின் பாதியை முழுதாகத் தீட்டி, மறுபாதியை ஒற்றைக் கோட்டில் விட்டிருப்பார்கள். சோம்பல் என்று நினைக்க வேண்டாம். சக்கரத்தின் ஒரு பாதி தெரிந்தால் மறுபாதியும் தெரியும். அந்த நேரத்தை வேறெங்கே செலவழித்தார் என்று தேடுங்கள். பெரும்பாலும் புரிந்துகொள்ளக் கஷ்டமான ஓர் இணைப்பில் அந்த நேரம் போயிருக்கும்.

சரியாக அழியாத பழைய கோடுகளையும் பாருங்கள். சட்டம் முதலில் இன்னும் குள்ளமாகப் போடப்பட்டுப் பிறகு உயர்த்தப்பட்டிருக்கலாம். அச்சின் நடுப்புள்ளி வழியாகப் போட்ட மெல்லிய குறுக்குக்கோடு அப்படியே இருக்கலாம். மென்செல் ஒரே தாளில் ஒரே கையை இரண்டு மூன்று முறை போடும் பழக்கம் உள்ளவர். பிடி கொஞ்சம் மாறியிருக்கும், மணிக்கட்டு கொஞ்சம் திரும்பியிருக்கும். எது முதலில், எது அடுத்து என்று யூகித்துப் பாருங்கள். எனக்கு இதில் அரை மணி நேரம் போவதே தெரியாது.

சுழலும் சக்கரத்தின் ஆரங்களும் இப்படித்தான். ஓடும் சக்கரத்தில் ஆரம் தெரியாது. ஒவ்வோர் ஆரத்தையும் கூர்மையாக எண்ணிப் போட்டிருந்தால் சக்கரம் நிற்கிறது என்று அர்த்தம். சக்கரத்தின் மையத்தில் இருக்கும் அச்சுக்குடத்தையும் வெளி விளிம்பையும் திடமாகப் போட்டு, நடுவை மங்கலாக விட்டிருந்தால் ஓடுகிறது.

மனிதர் எங்கே?

சில இயந்திர ஓவியங்களில் ஆளே இருக்காது. அப்போதும் கைப்பிடி, படிக்கட்டு, கதவு என்று ஏதாவது இருக்கும். அதை வைத்து இயந்திரத்தின் உயரத்தை அளந்துகொள்ளலாம். கைப்பிடிக் கம்பி மனிதனின் இடுப்பளவு என்று வைத்துக்கொண்டு மேலே எண்ணிப் போனால், சாதாரணமாகத் தெரிந்த பாய்லர் திடீரென்று மூன்று மாடி உயரம் ஆகிவிடும்.

ஆட்கள் இருந்தால் அவர்களுடைய உடம்பைப் படியுங்கள். மென்செல்லின் ஓவியத்தில் நடுவே வெண்சூட்டு இரும்பை உருளைக்குள் தள்ளுகிறார்கள். இடப்பக்கம் ஷிஃப்ட் முடிந்தவர்கள் குனிந்து உடம்பு கழுவுகிறார்கள். வலப்பக்கம் கீழே, ஒரு தடுப்புக்குப் பின்னால் சிலர் சாப்பிடுகிறார்கள். ஒரு பெண் கூடையில் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள். வேலை, குளியல், சாப்பாடு மூன்றும் ஒரே கூரையின் கீழ், அதே சூட்டில் நடக்கின்றன. பின்னால் தொப்பி போட்ட ஒருவர் கைகளைக் கட்டிக்கொள்ளாத குறையாக நிதானமாக நிற்கிறார். அவர் உடம்பில் எந்த முறுக்கும் இல்லை. அவர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொறடு பிடித்தவனின் முதுகையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தால் போதும்.

பென்சில் தாள்களில் மென்செல் உருளைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கழுத்தில் துண்டைத் தேய்க்கும் மனிதனுக்கும் கொடுத்திருக்கிறார். அவரை நான் இவ்வளவு தூரம் சொல்வதற்கு அதுதான் காரணம்.

எங்கே தேடுவது?

மென்செல்லின் சுமார் 6000 கோட்டோவியங்கள் பெர்லின் அரசு அருங்காட்சியகங்களின் அச்சோவிய, கோட்டோவியக் காப்பகத்தில் இருக்கின்றன. தாள் ஓவியங்கள் நிரந்தரமாகச் சுவரில் தொங்காது. கிராஃபைட் வெளிச்சத்தில் மங்காது, ஆனால் தாள் மஞ்சளாகும், நொறுங்கும். அதனால் இருட்டில் வைத்து, அவ்வப்போது மங்கலான வெளிச்சத்தில் காட்டுவார்கள். நமக்கு அவர்களுடைய இணையதளத்தில் கிடைப்பதே போதும். திரையில் பார்க்கும்போது முதலில் முழுத் தாளையும் ஒரு நிமிடம் பாருங்கள், அப்புறம் பெரிதாக்குங்கள். நேரே பெரிதாக்கிவிட்டால் கோடுகள்தான் தெரியும், இயந்திரம் தெரியாது.

அடுத்து ஸ்காட்லாந்துக்காரர் மியூர்ஹெட் போன் வரைந்தவற்றைத் தேடலாம். 1876இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், கட்டடக் கலை படித்தவர், 1916இல் பிரிட்டன் முதன்முதலாக நியமித்த அதிகாரபூர்வப் போர் ஓவியர். கப்பல் கட்டும் துறைகளும் சாரமும் கிரேனும் அவருக்குக் கைவந்தவை. நூற்றுக்கணக்கான கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் போனாலும் எது எதைத் தாங்குகிறது என்பது குழம்பாது.

ஒரு தடவை நீங்களே வரையுங்கள்

வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள். இது காட்டுவதற்கு இல்லை, கண்ணுக்கான பயிற்சி. ஒரு 4பி பென்சில், கோடு போடாத நோட்டு. கரும்புச்சாறு வண்டிக்குப் போய் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் "அண்ணே, பத்து நிமிஷம் இங்க உட்கார்ந்து மெஷினை வரைஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

சக்கரத்தின் விளிம்பில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்று ஒரு கோடு. அதற்குக் குறுக்கே சக்கரத்தின் நீள விட்டம். அதன்மேல் நீள்வட்டம். பிறகு இரண்டு உருளைகள், அவற்றைப் பிடித்திருக்கும் சட்டம். சட்டத்தைக் கொஞ்சம் அழுத்திப் போடுங்கள். கியர் பற்களை எண்ண வேண்டாம், நான்கைந்து போட்டு விட்டுவிடுங்கள். ஆள் வந்து கரும்பை விடும்போது கையை நிறுத்திப் பாருங்கள். சத்தம் மாறும், சக்கரம் ஒரு கணம் தயங்கி மறுபடி எடுக்கும். பெல்ட் வைத்த மெஷினாக இருந்தால் அந்த நேரத்தில் ஒரு பக்கம் விறைப்பதையும் மறுபக்கம் தொய்வதையும் பார்க்கலாம். உடனே இரண்டு கோடுகளையும் தாளில் போட்டுவிடுங்கள், ஒன்று நேராக, ஒன்று வளைவாக.